மருந்துக்கும் ஒரு பெயர் உண்டு: பக்தாதிலிருந்து பிபிலை வரை ஒரு வரலாறு

 

பதிவு சற்று நீளமானது. ஆனால் வீட்டில் சீனி வருத்தமோ, பிரஷரோ, இருதய வருத்தமோ உள்ள ஒரு பெரியவர் இருக்கும் ஒவ்வொருவரும் பொறுமையாக வாசிக்க வேண்டியது. வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள மருந்துப் பையை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

கிரான், சந்திவெளி, வாழைச்சேனை, ஓட்டமாவடி, மீராவோடை என்று எமது பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும், கிளினிக் நாளில் மூத்தம்மாமார் ஒரு சொப்பிங் பேக்குடன் விடியவே புறப்பட்டு விடுவார்கள். திரும்பி வரும்போது அந்தப் பைக்குள் ஐந்தாறு கடதாசிப் பைக்கற்றுகள் இருக்கும். "இது என்ன மருந்து?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "வெள்ளைக் குளிசை பிரஷருக்கு, பெரிய குளிசை சீனிக்கு, மஞ்சள் குளிசை இரவைக்கு."

பெயர் தெரியாது. நிறமும் அளவும்தான் தெரியும். அடுத்த மாதம் வேறொரு கம்பனியின் குளிசை வந்தால் நிறமும் மாறிவிடும். அப்போது என்ன நடக்கும்? வீட்டில் மிச்சமிருந்த பழைய குளிசையையும் புதிய குளிசையையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் குடிப்பவர்கள் உண்டு. இரண்டு வெள்ளைக் குளிசையும் ஒன்றுதான் என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுபவர்களும் உண்டு.

மருந்துத் தவறு என்றவுடன் நாம் ஒரு மிஸ்ஸியின் கவனயீனத்தை, ஒரு டொக்டரின் அவசரத்தைத்தான் நினைக்கிறோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடயம் அவ்வளவு எளிதல்ல. ஆயிரம் வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் இந்த ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்தக் கதையில் எமது ஊருக்கு அருகால் போகும் ஒரு வீதிக்கும் பங்கு உண்டு.

*கெட்ட மருந்து வேறு, பிழையான மருந்து வேறு*

முதலில் ஒரு தெளிவு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அதைத் தொடர்ந்து 2023 இல் தரமற்ற மருந்துகள் பற்றிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இம்யூனோகுளோபியூலின் ஊசி மருந்துக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த விவகாரம் நீதிமன்றம் பார்க்க வேண்டியது.

அது மருந்தே கெட்டுப்போன கதை. நாம் இங்கு பேசப் போவது மருந்து நல்லதாக இருந்தும் கேடு விளைந்த கதை. நல்ல மருந்து பிழையான ஆளுக்கு, பிழையான அளவில், பிழையான நேரத்தில், பிழையான வழியில் போய்ச் சேர்வது. முதலாவது பத்திரிகையில் வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் வருவதில்லை. "அவருக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லி அடக்கிவிட்டு வந்து விடுகிறோம். விதியை நம்புவது எமது ஈமான். அதற்காக ஒட்டகத்தைக் கட்டாமல் விடச் சொல்லி மார்க்கம் எமக்குச் சொல்லித் தரவில்லை.

*பக்தாத், ஹிஜ்ரி 319*

கிறிஸ்தவ ஆண்டு 931. அப்பாஸியக் கலீபா அல்முக்ததிரின் காலம். பக்தாதில் ஒரு வைத்தியரின் பிழையினால் பொதுமகன் ஒருவர் இறந்துபோன செய்தி கலீபாவின் காதுக்கு எட்டுகிறது. கலீபா உடனே ஒரு கட்டளை பிறப்பிக்கிறார். தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித் பரீட்சித்து அனுமதி கொடுத்தவர்களைத் தவிர வேறு எவரும் இனி வைத்தியம் பார்க்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அவர் எந்தத் துறையில் வைத்தியம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏற்கனவே பெயர்பெற்றிருந்தவர்களும் அரண்மனை வைத்தியர்களும் இதற்கு விதிவிலக்கு. அவர்களை விட்டுவிட்டு எண்ணியபோதே பக்தாத் நகரில் 860 இற்கும் மேற்பட்டவர்கள் பரீட்சைக்கு வந்தார்கள் என்று வைத்திய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பரீட்சையில் நடந்த ஒரு சம்பவத்தையும் அவர்கள் சொல்கிறார்கள். நல்ல உடையும் கம்பீரமும் கொண்ட ஒரு முதியவர் ஸினானிடம் வந்தார். ஸினான் அவரைப் பெரிய அறிஞர் என்று நினைத்து மரியாதையாக உட்கார வைத்தார். கடைசியில் அவர் உண்மையைச் சொன்னார். தனக்கு எழுத வாசிக்கச் சரியாகத் தெரியாது, ஆனால் தன் குடும்பம் இந்தத் தொழிலில்தான் வாழ்கிறது, வயிற்றில் அடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஸினான் அவரை விரட்டவில்லை. தெரியாத நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, இரத்தம் குத்தி எடுப்பதில்லை, சிறிய வருத்தங்களுக்கு அன்றி பேதி மருந்து கொடுப்பதில்லை என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார். அதுவே தன் வழக்கம் என்று முதியவரும் சொல்லிவிட்டுப் போனார்.

இது வெறும் வேடிக்கைக் கதை அல்ல. உயிரிழப்பு நடந்த பின் அரசு இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பிழைவிட்ட ஒருவரைப் பிடித்துத் தண்டித்து விட்டு ஓய்ந்து போகலாம். அல்லது அதே பிழை இன்னொரு தெருவில் நடக்காமல் இருக்க ஒரு முறையை உண்டாக்கலாம். பக்தாத் இரண்டாவதைச் செய்தது. அறிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற நபிவழிக் கொள்கை அதற்கு முன்னரே இருந்தது. அதை நடைமுறைச் சட்டமாக்கியதுதான் இங்கு புதிது.

பின்னாளில் சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிப் என்ற அதிகாரி அரிசி, எண்ணெய் அளவைகளோடு பாணி மருந்து காய்ச்சுபவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் சோதித்தார். 12 ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய முஹ்தஸிப் கைநூலில் இவர்களுக்கென்று தனி அத்தியாயங்களே இருக்கின்றன.

*அல்பீரூனி கண்ட புள்ளிப் பிரச்சினை*

வைத்தியரைப் பரீட்சித்தாகி விட்டது. அப்போதும் தவறு நிற்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய விடையைத் தந்தவர் அபூ ரைஹான் அல்பீரூனி. 973 இல் குவாரிஸ்மில் பிறந்தவர். பூமியின் சுற்றளவைக் கணித்தவர், இந்தியாவைப் பற்றி எழுதியவர் என்று எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கஸ்னாவில் தன் முதுமைக் காலத்தில் அவர் எழுதிய கடைசி நூல்களில் ஒன்று மருந்துகளைப் பற்றியது. 'கிதாபுஸ் ஸைதனா' என்று பெயர்.

அந்த நூலில் அவர் ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் அரபியில், கிரேக்கத்தில், சிரியாக்கில், பாரசீகத்தில், இந்திய மொழிகளில் என்னென்ன பெயர்கள் என்று வரிசையாகத் தருகிறார். ஏனென்றால் அன்றைய மருந்துக் கடையில் இருந்த வேர்களும் விதைகளும் பல நாடுகளிலிருந்து வந்தவை. ஒரே செடிக்கு நான்கு பெயர். ஒரே பெயரில் நான்கு செடி. பெயர் பிசகினால் மருந்து பிசகும்.

இன்னொன்றையும் அவர் முன்னுரையில் மனவருத்தத்துடன் சொல்கிறார். அரபு எழுத்துகளில் பல ஒரே வடிவம் கொண்டவை. புள்ளிதான் அவற்றைப் பிரிக்கிறது. பிரதி எடுப்பவர் ஒரு புள்ளியை விட்டால், அல்லது இடம் மாற்றி வைத்தால், ஒரு மருந்தின் பெயர் இன்னொன்றாகிவிடும். குர்ஆன் மத்ரஸாவில் பா, தா, ஸா படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இது விளங்கும். ஒரு கோட்டின் கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிட்டத்தட்ட ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒருவர் இப்படி எழுதினார். இன்று உலக வைத்தியசாலைகள் எல்லாம் இதே பிரச்சினையைத் தனித் தலைப்பிட்டுப் படிக்கின்றன: ஒரே மாதிரி எழுதப்படும், ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்கள்.

உதாரணம் பாருங்கள். சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின். வயிற்றுக் கிருமித் தொற்றுகளுக்கு மெட்ரோனிடசோல். இரண்டும் 'மெட்' என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டிலும் 500 மில்லிகிராம் குளிசை உண்டு. அவசர எழுத்தில் இரண்டும் ஒரு கோடாகத்தான் தெரியும். இவை மாறிப்போன சம்பவங்கள் உலகில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் லொசெக் என்ற வயிற்றுப்புண் மருந்தின் பெயர், லாசிக்ஸ் என்ற சிறுநீர் போக்கும் மருந்தோடு குழம்பியதால் 1990 இல் பிரிலொசெக் என்று மாற்றப்பட்டது. ஒரு பெரிய கம்பனி தன் மருந்தின் பெயரையே மாற்றும் அளவுக்கு இது பாரதூரமான விடயம்.

*செங்கலடிச் சந்தியிலிருந்து ஒரு வீதி*

இப்போது எமது நாட்டுக்கு வருவோம். கிரானிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் போனால் செங்கலடிச் சந்தி. அங்கிருந்து மேற்கே திரும்பும் ஏ5 வீதி மஹாஓயா, பதியத்தலாவை தாண்டி பிபிலைக்குப் போய், பிறகு பதுளைக்கு ஏறுகிறது. அந்த பிபிலையின் பெயரைத் தன் பெயராகச் சுமந்தவர்தான் பேராசிரியர் சேனக பிபிலே. 1920 பெப்ரவரி 13 இல் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கொழும்பில் வைத்தியரானவர். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1958 இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானவர். பேராதனை மருத்துவ பீடத்தின் ஆரம்ப பீடாதிபதியும் அவரே.

அவர் பார்த்த இலங்கை எப்படியிருந்தது? தனியார் துறையில் மட்டும் சுமார் 2100 மருந்துகள் இறக்குமதியாகிக் கொண்டிருந்தன. ஒரே மருந்துக்குப் பத்துக் கம்பனி, பத்துப் பெயர், பத்து விலை. வைத்தியருக்கு மருந்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பவர் பேராசிரியர் அல்ல, கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. கடல் போன்ற இந்தப் பெயர்களில் எது எதுவென்று வைத்தியருக்கே முழுமையாகத் தெரியாதபோது, துண்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கும் அதைக் குடிப்பவருக்கும் எப்படித் தெரியும்?

1971 இல் டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் பிபிலேயும் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேயே அதன் தலைவரானார். எமது நகரங்களில் நாம் காணும் 'ஒசுசல' மருந்தகங்கள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை.

அவர் செய்தவற்றை எளிமையாகச் சொன்னால் மூன்று.

ஒன்று, தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கினார். 2100 அளவில் இருந்தது சுமார் 600 ஆனது.

இரண்டு, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, குறைந்த விலையில் தரமானதை நாட்டுக்கே மொத்தமாக வாங்கினார்.

மூன்று, மருந்தை அதன் பொதுப்பெயரில் எழுதும் வழக்கத்தை வளர்த்தார். கம்பனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரில்.

பிபிலே என்றதும் எல்லோரும் இரண்டாவதை, அதாவது விலையைத்தான் பேசுகிறார்கள். அது நியாயம்தான். ஏழைக்கு மருந்து கிடைத்தது அதனால்தான். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் நோயாளியின் பாதுகாப்பு பற்றியவை. பட்டியல் குறுகினால் வைத்தியர் தான் எழுதும் ஒவ்வொரு மருந்தையும் ஆழமாக அறிந்திருப்பார். மருந்துக்கு ஒரே பெயர் என்றால், அதே மருந்தை இரண்டு பெயர்களில் இரண்டு தரம் குடிக்கும் ஆபத்து குறையும். அல்பீரூனி நூலில் செய்த வேலையை பிபிலே ஒரு நாட்டின் கொள்கையாகச் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. கடும் எதிர்ப்பு வந்தது. அந்தப் போராட்டத்தைப் பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து பிபிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறார். 1976 உடன் அவரது பதவிக்காலம் முடிந்தது. பிறகு ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்புக்காக, வேறு வறிய நாடுகளும் இதே வழியில் போக உதவச் சென்றார். அந்தப் பணியில் இருக்கும்போதே 1977 செப்டெம்பர் 29 இல் தென்னமெரிக்காவின் கயானாவில் இறந்தார். வயது 57.

அவர் இறந்து சில வாரங்களில், அதே ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி உலகின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரித்தது. இலங்கை செய்து காட்டிய விடயம் உலகத்தின் வழியானது. ஆனால் உள்ளூரில்? 1980 இல் ஒரு மருந்துச் சட்டம், 2005 இல் ஒரு தேசிய மருந்துக் கொள்கை, கடைசியில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. பிபிலே மறைந்து 38 வருடங்கள் கழித்துத்தான் நாம் அவ்வளவு தூரம் வந்தோம்.

*நல்லவர்களும் பிழை விடுவார்கள்*

வைத்தியர் தகுதியானவர். மருந்தின் பெயர் தெளிவு. இப்போதாவது தவறு நின்றுவிடுமா?

1994 டிசெம்பர். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் உலகப் புகழ்பெற்ற டானா பார்பர் புற்றுநோய் நிலையம். அங்கு சிகிச்சை பெற்ற பெட்சி லேமன் என்ற 39 வயதுப் பெண் இறந்தார். அவர் பொஸ்டன் குளோப் பத்திரிகையில் சுகாதாரப் பகுதி எழுதியவர். நான்கு நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய மொத்த மருந்து அளவு, ஒவ்வொரு நாளும் முழுமையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. பிழை பல வாரங்களுக்குப் பின், ஆய்வுத் தரவுகளைச் சரிபார்த்தபோதுதான் வெளியே வந்தது. அங்கே இருந்தவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பலர் கண்ணில் பட்டும், ஒருவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

1999 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தவிர்க்கக் கூடிய மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு வைத்தியசாலைகளில் வருடத்துக்கு 44,000 தொடக்கம் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று அது மதிப்பிட்டது. உலகமே அதிர்ந்தது. அந்த அறிக்கையின் சாரம் இதுதான்: கெட்ட மனிதர்களைத் தேடிக் கொண்டிருப்பதால் இது தீராது. மனிதன் தவறுவான் என்று ஏற்றுக்கொண்டு, தவறு நோயாளியை எட்டாத விதமாக வேலை முறையை அமையுங்கள்.

இந்த வழியில் வந்த மாற்றங்கள் மிகச் சாதாரணமானவை. அதனால்தான் அவை பெரியவை.

நரம்பில் நேரடியாகப் போனால் இருதயத்தையே நிறுத்திவிடக் கூடிய செறிவான பொட்டாசியம் குளோரைட் குப்பிகளை வார்ட்டின் சாதாரண மருந்துத் தட்டிலிருந்து அகற்றினார்கள். இல்லாத குப்பியை அவசரத்தில் மாறி எடுக்க முடியாது அல்லவா?

இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போடுவதைத் தடுத்தார்கள். அந்த எழுத்து பூச்சியம் போல் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். தசமம் எழுதும் முறையையும் திருத்தினார்கள். 1.0 என்று எழுதாதே, புள்ளி தெரியாவிட்டால் 10 ஆகும். வெறும் .5 என்று எழுதாதே, 5 ஆகும். 0.5 என்று எழுது. ஆறாம் தரத்தில் தசமம் படிப்பிக்கும்போது "இதால என்ன பிரயோசனம் சேர்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் இதுதான். ஒரு புள்ளி பத்து மடங்கு. அல்பீரூனியின் புள்ளி வேறு, இந்தப் புள்ளி வேறு. ஆனால் பயம் ஒன்றுதான்.

கன்சாஸ் மாநிலத்தின் டொபேகா நகரில் சூ கினிக் என்ற தாதி, வாடகைக் கார் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் கோட்டுக் குறியைக் கருவியால் வாசிப்பதைப் பார்த்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்கு ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். நோயாளியின் கைப்பட்டியையும் மருந்தையும் ஒத்துப்பார்க்கும் முறை அங்கிருந்து முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளுக்கெல்லாம் பரவியது. யோசனை சொன்னவர் பேராசிரியர் அல்ல, வார்ட்டில் நின்ற ஒரு தாதி.

2017 இல் உலக சுகாதார நிறுவனம் 'தீங்கற்ற மருந்து' என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்துத் தவறுகளால் உலகம் வருடத்துக்கு 42 பில்லியன் டொலர் இழக்கிறது என்பது அதன் கணக்கு. கடுமையான, தவிர்க்கக் கூடிய தீங்கை ஐந்து வருடங்களில் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அந்த முயற்சி வைத்தியர், தாதி, மருந்தாளர் ஆகியோரோடு நிற்கவில்லை. நோயாளியையும் குடும்பத்தையும் அதில் சேர்த்துக் கொண்டது.

*எமது பக்கத்தில் மிச்சமிருக்கும் பூட்டு*

பக்தாத் வைத்தியரைப் பரீட்சித்தது. அல்பீரூனியும் பிபிலேயும் பெயரைச் சீராக்கினார்கள். 1999 இற்குப் பின் வைத்தியசாலையின் வேலை முறை திருத்தப்பட்டு வருகிறது. மிச்சமிருப்பது கடைசிப் பூட்டு. அது எமது வீட்டுக் கதவில் இருக்கிறது.

அந்தப் பூட்டுக்கு மொழியும் ஒரு சாவி. மருந்துப் பெட்டியில் ஆங்கிலம். பைக்கற்றில் அவசரத்தில் எழுதிய இரண்டு எழுத்து. குடிப்பவர் தமிழ் மட்டும் வாசிப்பவர், அல்லது கண் மங்கியவர். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே "எனக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள், எழுதித் தாருங்கள்" என்று கேட்பது தயவு கேட்பதல்ல. சண்டை பிடிக்கவும் தேவையில்லை. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, இரண்டு கையால் மருந்து கொடுத்துக் கொண்டிருப்பவர் எங்கள் பிள்ளைதான். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்.

ஆகவே உறவுகளே, வரலாறு போதும். வீட்டுக்கு வருவோம்.

1. கிளினிக் கொப்பியில் அல்லது ஒரு பாடசாலைக் கொப்பியில் மூத்தவர் குடிக்கும் எல்லா மருந்தின் பொதுப்பெயர், அளவு, நேரம் என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் கொண்டு போங்கள். தனியாரிடம் எடுத்த மருந்தையும் யூனானி, ஆயுள்வேத, நாட்டு மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏ.எல். படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

2. குளிசையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் குடிக்க முதல் கேளுங்கள். "இது போன மாதம் தந்த அதே மருந்துதானா?" இந்த ஒரு கேள்வி போதும்.

3. பனடோல் என்பது கம்பனிப் பெயர். மருந்தின் பெயர் பரசிட்டமோல். தடிமலுக்கு விற்கும் பல கூட்டு மருந்துகளுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் குடித்தால் அளவு கூடி ஈரல் பாதிக்கப்படலாம்.

4. பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தில் பாணி வேறு, சொட்டு மருந்து வேறு. சொட்டு மருந்து பல மடங்கு செறிவானது. குசினிக் கரண்டியால் அளக்காதீர்கள். மருந்தோடு வரும் அளவுக் கிண்ணம் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சைப் பாவியுங்கள். பிள்ளையின் வயதை மட்டுமல்ல, நிறையையும் சொல்லுங்கள்.

5. மாரி காலத்தில் எமது மாவட்டத்தில் டெங்கு வருவது புதிதல்ல. காய்ச்சலோடு உடம்பு நோகிறது என்று பாமசியில் இபுபுரூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் வாங்கிக் குடிக்க வேண்டாம். டெங்கு என்றால் அவை இரத்தப் பெருக்கைக் கூட்டிவிடும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் உரிய அளவில். வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்கனவே இருதயத்துக்கு அஸ்பிரின் குடிப்பவர்கள் அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

6. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர், அமொக்சிசிலினும் அதே குடும்பம் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வாமையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்.

7. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து மூட்டு வாதத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் பொதுவாகக் கிழமைக்கு ஒருதரம் கொடுப்பது. அதைத் தினமும் குடித்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. எந்தக் கிழமை நாள் என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

8. முஸ்லிம் உறவுகளுக்கு விசேடமாக ஒன்று. றமழானில் காலை, பகல், இரவு மருந்தை எல்லாம் சேர்த்து நோன்பு திறந்ததும் ஒரே தடவையில் குடிப்பதோ, சஹரில் சீனிக் குளிசையை வழமை போல் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பதோ ஆபத்து. சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும். அதுவும் மருந்துத் தவறுதான். றமழானுக்கு முன்னரே, ஷஃபான் மாதத்திலேயே வைத்தியரிடம் போய் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்குங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல.

9. ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். "அவருக்கும் இதே வருத்தம்தான்" என்பது வைத்தியம் அல்ல.

ஏதும் பிழை நடந்ததாகச் சந்தேகித்தால் மருந்துப் பைக்கற்றையும் மிச்சக் குளிசைகளையும் எறியாமல், நோயாளியோடு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். என்ன குடித்தார் என்று தெரிந்தால்தான் வைத்தியர் காப்பாற்ற முடியும். அங்கே வார்த்தையால் அடித்துக் கொள்வதிலோ, முகநூலில் ஒருவரின் படத்தைப் போட்டுத் தூற்றுவதிலோ யாருக்கும் நன்மை இல்லை. பயந்தவர் பிழையை மறைப்பார். மறைத்த பிழை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நடக்கும். முறைப்படி முறையிடுவோம், முறை திருந்தும்வரை விடாமல் கேட்போம்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் பரிபாலன சபைகள், மாதர் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஊரிலுள்ள ஒரு மருந்தாளரையோ தாதியையோ அழையுங்கள். முதியவர்கள் தங்கள் மருந்துப் பையை அப்படியே கொண்டு வரட்டும். ஒவ்வொரு பைக்கற்றிலும் பெரிய தமிழ் எழுத்தில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுக்க எமது உயர்தர மாணவர்கள் போதும். இதற்குக் கட்டிடம் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு மார்க்கர் பேனை போதும்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்பது எமது மார்க்கம் சொல்லும் பாடம். அந்த நன்மை சில வேளைகளில் ஒரு குளிசையின் பெயரை எழுதி ஒட்டுவதிலும் கிடைக்கலாம்.

நோயாளிகள் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண சுகத்தைத் தருவானாக. இரவு பகலாக வார்ட்டில் நிற்கும் எமது வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர்கள், சிற்றூழியர்கள் அனைவருக்கும் அருள் புரிவானாக.

பயனுள்ளதாக இருந்தால் மற்றவர்களுக்கும் எத்தி வையுங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.